கனகதாஸின் கொட்டாவி

பாறசாலைச் சந்தையில், மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில், தனக்கு நேரே வந்து நின்று ஒரு கிழவர் விட்ட கொட்டாவியைப் பார்த்ததும் ஷீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மருந்துக்குக்கூட ஒரு பல் கிடையாது!

ஷீனா பல் டாக்டருக்குப் படிக்கிறவள், கடைசி வருஷம். பொக்கைவாய் ஆள் ஒருவரைப் பிடித்து, மாதக் கடைசிக்குள் முழுப் பல்செட்டு கட்டிக் காட்டினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். ஆனால் வயசாளிகள் என்றாலே அவளுக்கு ஆகாது. காது கேட்காது, சொன்னதையே சொல்வார்கள் என்று, வந்தவர்களை எல்லாம் கூடப் படிக்கும் ஷிபுவிடம் தள்ளிவிட்டாள். அந்தப் பாவம் சும்மா விடுமா? இப்போது ஒரு பொக்கைவாய்க்கு நாயாய் அலைந்துகொண்டிருந்தாள்.

பேர் கனகதாஸ் என்றார் கிழவர். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. பல்செட்டு கட்ட வாறேன், ஆனால் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றார். ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சாயா, ரெண்டு பழம்பொரி.

"பல்லில்லாட்டி என்ன, நாக்கு நல்லா உண்டு" என்று ஷிபுவிடம் பொருமினாள். அவர் எதிரில் மட்டும் பாட்டா, பாட்டா என்று தேனாய் ஒழுகினாள்.

ஒன்று சொல்லத்தான் வேண்டும். அச்செடுக்கும்போது அவள் கேட்கும் முன்பே வாயைத் திறந்தார். மெழுகைக் கொடுத்தால் அளவாகக் கடித்தார். கெட்டிக்காரக் கிழவர் நமக்கு வாய்த்தாரே என்று ஷீனா குதித்தாள்.

கடைசி நாள் வந்தது. மார்க் போடும் மேடம் குனிந்து புதுப்பல்லைப் பார்த்துவிட்டு, எங்கேயாவது வலிக்கிறதா என்று அவரைக் கேட்டார். அதுவரை ஷீனா அவரிடம் அதைக் கேட்டதே இல்லை.

"சொந்தப் பல்லு தோத்துப்போவும், டாக்டரே" என்றார் கனகதாஸ்.

மேடம் கையெழுத்துப் போட்டார். ஷீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்றைக்கு நாலு பழம்பொரி வாங்கிக் கொடுக்கலாம் என்று எதிர்ச் சாயாக்கடைக்கு ஓடினாள்.

அங்கே அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த கனகதாஸ் கடக்முடக்கென்று முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவள் கட்டிய பல்செட்டோ மேசைமேல் விரித்த கைக்குட்டையில் இருந்தது.

"பாட்டா, அப்போ வாயில இருக்கது?"

"இது போன வருஷம் உன்னப் போல படிச்ச ஒரு பையன் கெட்டித் தந்தது, மக்களே. உன்னது கீழ ஈறுல கொஞ்சம் குத்துது."

"வலிக்குதுன்னு மேடத்துக்கிட்ட சொல்லப்படாதா?"

"சொன்னா உன்னைப் பரீட்சை எழுத விடுவாவளா?"

ஷீனா அவர் எதிரே உட்கார்ந்தாள். பல் இருக்கிறவர் பின்னே எதுக்கு வந்தீய என்று கேட்டாள்.

கிழவர் முறுக்கைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு சந்தையில நீ ஒவ்வொருத்தர் வாயா பாத்திட்டு, கண்ணு நிறைஞ்சு நின்ன. எனக்குப் பொறுக்கல்ல மக்களே. பல்லைக் கழத்தி மடியில வச்சிட்டு, உனக்கு நேர வந்து ஒரு கொட்டாவி விட்டேனாக்கும்."