திரும்பிக் கிடந்த லாக்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு வண்டிச் சங்கிலியின் கதை சொல்கிறேன். மண்ணெண்ணெயில் நனைந்த சங்கிலி உலர்வதற்குள் முடிந்துவிடும்.

அவன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய சங்கிலி மண்ணெண்ணெய்த் தட்டில் கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தான். கறுப்பு வழிந்தது.

அவன் மனைவி நிலைப்படியில் நின்றாள். கீழுதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

தம்பி மகனுக்குக் காதுகுத்து, போய் வரலாமா என்று நேற்றுக் கேட்டிருந்தாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.

"உங்கப்பன் குடுத்த வண்டியாச்சே," என்றான் நிமிராமல். "அந்தாளாட்டமே இருக்குது. சத்தம் மட்டுந்தான்."

பிரஷைத் தட்டின் விளிம்பில் தட்டினான்.

"இனியொருக்கா வாயத் தொறந்தே, பல்லு இருக்காது. பாத்துக்க."

சங்கிலியைத் துடைத்தான். பல்சக்கரத்தில் ஏற்றினான். இரண்டு முனைகளையும் சேர்த்து லாக்கைச் செருகினான். மாமனாரை ஏசிக்கொண்டே செருகினான். கண் அங்கே இல்லை.

அவள் கண் அங்கே இருந்தது.

நகத்தளவு தகடுதான் அந்த லாக். பார்க்க மீன் மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் அவன்தான் அதை அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். சங்கிலி ஓடுகிற பக்கம் மீனின் தலை இருக்க வேண்டும். வால் முன்னால் போனால் ஓட்டத்தில் தெறித்துவிடும். சங்கிலி கழன்று சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். சிரித்துச் சிரித்துச் சொன்னான் அன்று.

இன்று வால் முன்னால் இருந்தது.

எண்ணெய் விட்டான். சக்கரத்தைக் கையால் சுற்றினான். மீன் வாலை நீட்டியபடி அவள் கண்ணெதிரே போய்ப் போய் வந்தது.

"பைபாஸ் வரைக்கும் ஒரு முறுக்கு முறுக்கிப் பாத்துட்டு வாரேன்."

பைபாஸில் எந்நேரமும் லாரிதான்.

அவள் வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கிக்கரை உதைத்தான். வண்டி உறுமியது.

உள்ளேயிருந்து மகள் தாரணி ஓடி வந்தாள். கையெல்லாம் கிரேயான் கறை.

"அப்பா, நானும் ஒரு ரவுண்டு!"

சொல்லி முடிப்பதற்குள் பெட்ரோல் டேங்கின் மேல் ஏறிவிட்டாள்.

அவன் கிளட்சைப் பிடித்தான். கியரை மிதித்தான்.

"லாக்கு திரும்பிக் கெடக்குது."

யார் பேசியது என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். இறங்கினான். குனிந்தான்.

குனிந்தவன் நெடுநேரம் எழவில்லை.

சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"எப்பப் பாத்தே?"

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டறப்பவே."

வாயைத் திறந்துதான் சொன்னாள்.

அவன் கை உயரவில்லை. பிளையரைத் தேடியது. பக்கத்திலேயே கிடந்ததை எடுக்கத் தெரியாமல் தரையைத் தடவியது.

போய் வாருங்கள், கண்ணுகளா. கண்டதைக் கண்ட உடனே சொல்கிற வாய் உங்கள் வீடு நிறைய இருக்கட்டும். அதை மூட வைக்கிற கை ஒன்றுகூட அங்கே வளராமல் இருக்கட்டும்.