நாற்பதாம் மாடித் தண்ணீர்

"இதுல இருந்த தண்ணிய எவன் இறைச்சது?"

தெய்வநாயகி ஸ்டூல் மேல் நின்றுகொண்டு கேட்டாள். வீட்டில் ஆண்பிள்ளை என்று இருப்பது நான் ஒருவன்தான். அப்படியிருந்தும் 'எவன்' என்று பொதுவாகக் கேட்டது என் மனைவியின் பெருந்தன்மை.

"நான்தான்," என்றேன், பாயிலிருந்து எழாமலே.

எங்கள் மகள் இளவரசி சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றை மெல்லிய குச்சிகளால் என் உயரத்துக்குச் செய்து, வீட்டு நடுவில் நிறுத்தியிருந்தாள். உச்சியில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா.

விடியற்காலை கடலிலிருந்து வந்தவன் எதேச்சையாக டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. படகில் தண்ணீர் தேங்கினால் இறைத்துக் கொட்டுகிற கை இது. முப்பது வருஷப் பழக்கம், என்னைக் கேட்டுக்கொண்டா செய்யும்? பாதியாக வெட்டிய கேனை எடுத்தேன். அடியில் கேனுக்கு எட்டாத கொஞ்சத்தை விட்டுவிட்டு மீதியை வாசலில் கொட்டினேன். குடும்பத்தையே கரை சேர்த்த திருப்தியோடு படுத்துத் தூங்கிவிட்டேன்.

"கூரை ஒழுகி ரொம்பிடுச்சோன்னு நெனச்சேன்."

"மழ பேஞ்சி மூணு மாசமாவுது."

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"அந்தத் தண்ணிதான்யா அவ பரீட்சையே," என்றாள் தெய்வநாயகி. "காத்தடிச்சா அம்மாம் ஒசரக் கட்டடம் ஆடுமாம். கட்டடம் இந்தாண்ட சாஞ்சா தண்ணி அந்தாண்ட ஓடி ஆட்டத்த அடக்குமாம். மோட்டாரும் வேணாம், கரன்ட்டும் வேணாம். இரும்பு, சிமென்ட்டுகூட கொறச்சலா போதுமாம். தீப்பிடிச்சா அணைக்கறதுக்கும் அதே தண்ணிதான்."

"படகுல ஆடுற தண்ணி படகையே கவுத்துடும். கட்டடத்த எப்படி நிறுத்தும்? நம்ம லைட்ஹவுஸ் இத்தினி வருஷமா நிக்குது. அது மண்டைல தண்ணியா கீது?"

"லைட்ஹவுஸ்ல நாப்பது மாடி ஜனமா குடியிருக்குது? படிச்சவ சொன்னா கேட்டுக்கோ. நாளைக்குக் காலேஜ்ல இத ஆட்டிக் காட்டணும். கம்பெனிக்காரங்க வந்து பாப்பாங்க. ஆட்டம் அடங்குனா அவளுக்கு வேல. ஒரு மணிக்கு மீன் வண்டி வந்துடும், இத ஏத்தணும்."

எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

"அவ எங்க?"

"பழவேற்காட்டுக்குப் போய்கீறா, ஏதோ பிரின்ட் எடுக்கணும்னு. காலைல எட்டு மணிக்குப் புதுசா ரெண்டு குச்சி ஒட்டுனா, உச்சியப் புடிச்சி இழுத்து விட்டா. அப்புறம் அவளா சிரிச்சிகினா. என் கன்னத்த வேற கிள்ளிட்டு ஓடுனா."

பாவம், டப்பா காலியானது தெரியாமல் சிரித்திருக்கிறது பிள்ளை. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் அவளுக்கு உள்ளே தெரியும். உயரத்தில் அவள் அம்மாவைக் கொண்டவள்.

"ஒரு குடம் தண்ணி எடு," என்றேன். "நாலு விரல் இருந்துச்சி. அப்படியே ஊத்திடலாம்."

"உன் விரலா, அவ விரலா?"

"என் விரல்தான். நான்தான இறைச்சவன்."

வேறு எதில் வேண்டுமானாலும் என்னை நம்பாமல் இருக்கலாம், தண்ணீர் அளவில் நான் தவறமாட்டேன். நாலு விரல் வந்ததும் நிறுத்தினேன். கட்டடத்தின் மேல் சிந்தியதை லுங்கியால் ஒற்றி எடுத்தேன். போலீஸ் நாய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

நாய் வரவில்லை, இளவரசி வந்தாள். கையில் ஜிலேபிப் பொட்டலம். முதல் ஜிலேபியை என் வாயில்தான் திணித்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"நைனா, இப்ப பாரு," என்று கட்டடத்தின் உச்சியைப் பிடித்து இழுத்து விட்டாள்.

ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டு நின்றோம்.

அவள் முகம் வாடிவிட்டது. இன்னொரு தரம் இழுத்து விட்டாள். அப்போதும் அதே ஆட்டம்.

"யாரு தொட்டது இத?"

தெய்வநாயகி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒருநாளும் காட்டிக் கொடுத்ததில்லை. என்னைத் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். எல்லாருக்கும் அது போதும்.

நானே ஒப்புக்கொண்டேன். கேன், தூக்கம், நாலு விரல், லுங்கி, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"உன் வேலைய நானே கெடுத்துட்டனா கண்ணு?"

அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "எப்ப இறைச்ச?"

"ஆறு மணி இருக்கும். கெடுத்துட்டனா?"

"எப்ப திருப்பி ஊத்துன?"

"இப்பதான், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. திட்டணும்னா திட்டிடு, இப்படிக் கேள்வியா கேக்காத."

"நடுவுல உள்ள எவ்ளோ இருந்துச்சி?"

"கேனுக்குச் சிக்காத மிச்சம். ஒன்றரை விரல். படகுலயும் அந்த மிச்சம் எப்பவும் கெடக்கும். கெடுத்துட்டனா இல்லியா, அத மட்டும் சொல்லு."

இளவரசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜிலேபியைப் பார்த்தாள். காலையில் ஒட்டிய இரண்டு குச்சிகளைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், வெட்டிய கேனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"இருபது நாளா இந்த ஆட்டம் நிக்கவே இல்ல நைனா, இன்னிக்குக் காலைலதான் மொத மொத நின்னுச்சி, குச்சியாலதான்னு நெனச்சி சாருக்கெல்லாம் போன் பண்ணிட்டு வரேன்," என்றாள். "ஒன்றரை விரல் தண்ணிலதான் அது அடங்கிகீது. நீ இறைச்சதுல ஒண்ணும் கெடல, நல்லவனாட்டம் திருப்பி ஊத்துன பாரு, அதுலதான் கெட்டுச்சி."