பாரிசுக்கும் ரோமுக்கும் நடுவே

பள்ளிக்கூட அட்லாசைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பாரிசுக்கும் ரோமுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அழுத்தினார் ஜெயராமன். அழுத்திய அழுத்தில் சுவிட்சர்லாந்து கிழிந்தே போனது.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டு பேரும் யூரோப் டூரா?" பேப்பர் இரவல் வாங்க வந்த எதிர்வீட்டு கஜபதி வாயைப் பிளந்தார்.

"டூருமில்ல, ஒண்ணுமில்ல. என் புள்ள ஸ்ரீநாத் பாரிஸ்ல கீறான். என் பொண்டாட்டியோட அண்ணன் திருவேங்கடம் பொண்ணு நிவேதிதாவுக்கு ரோம்ல வேல கெடச்சிருக்காம். நடுவுல எவ்ளோ தூரம்னு பாக்குறேன்."

கள்ளிக்குப்பத்துத் தெரு நாய்க்குக்கூட அந்தக் கதை தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் காட்டுப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. அதில் மச்சான் திருவேங்கடம் இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்!

அன்றோடு பேச்சு நின்றது. மனைவி பத்மாவும் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார் ஜெயராமன். ஆனால் ஸ்ரீநாத்தோ, கட்டினால் நிவேதிதாவைத்தான் கட்டுவேன் என்று போன பொங்கலன்று பட்டென்று சொல்லிவிட்டான்.

"நடுவுல ஆல்ப்ஸ் மலையே கீது கஜா! முழுக்கப் பனி! அந்தப் பொண்ணு ஏறிக்கினு வந்தா வழுக்கி உயுந்துருவா!" அவர் குதித்த குதியில் மேசை ஒரு முழம் நகர்ந்தது.

"எதுக்கு ஏறணும்? ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பிளைட்டுல ரெண்டு மணி நேரம்." அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள் பத்மா. "பெட்டி படுக்கையெல்லாம் எறக்க அர மணி கூட ஆவும். நேத்து பக்கத்துல கீற குமணன்சாவடிலேர்ந்து ஊடு வர உனக்கு மூணு மணி ஆச்சேய்யா."

ஜெயராமனுக்குக் குப்பென்று வியர்த்தது. வேறு வேறு நாடு என்று நம்பி நிம்மதியாக இருந்தாரே, ரோம் இப்போது குமணன்சாவடியைவிடக் கிட்டே வந்துவிட்டது!

உடனே மகனுக்குப் போன் போட்டார். கஜபதிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினார்.

"டேய், உண்மைய சொல்லு. அந்தப் பொண்ணு பாரிசுக்கு வந்துதா?"

"இல்லப்பா. ஒரு வாட்டிகூட வந்ததில்ல."

"இனிமே?"

"வராதுப்பா. அம்மா மேல சத்தியம்."

போனை வைத்த ஜெயராமனின் மார்பு சட்டைப் பித்தான் தெறிக்கும் அளவுக்கு விம்மியது. "கேட்டியா கஜா? அவன் என் புள்ள!" அம்பத்தூர் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும் அந்தக் குரல்.

அதே குரலில் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "நல்லா கேட்டுக்கோ பத்மா! நான் உசுரோட கீற வரைக்கும், உன் அண்ணன் பொண்ணு இந்த ஊட்டுக்கு மருமவளா வராது!"

பத்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேராக அவர் எதிரில் வந்து நின்றாள்.

"வராதுய்யா. உன் புள்ளதான் ரோமுக்கு ஊட்டோட மாப்பிள்ளையா பூட்டான்!"