பையன் போக்கு சரியில்லை

"டாக்டருங்க, எம் பையன் கஞ்சாக் குடிக்கிறானுங்க!" என்று சொல்லிவிட்டுச் சென்னிமலை கெக்கெக்கே என்று சிரித்தார்.

சிரிக்கிற விஷயமில்லைதான். ஆனாலும் டாக்டரின் வழுக்கையில் மின்விசிறி நிழல் சுற்றுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ப்ளஸ் டூ படிக்கும் மகன் மயில்சாமி தலை குனிந்து நின்றான்.

"கஞ்சான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரேடியோவுல சொன்னாங்க. அப்பன் ஆத்தாகூடப் பேச மாட்டானாம். கதவைச் சாத்திக்குவானாம். அத்தனையும் செய்யறானுங்க."

"எங்களைக் கண்டாலே மிரளுறானுங்க," என்றாள் அவர் மனைவி பாவாயி. டாக்டருக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த வாழைச்சீப்பில் பாதியைத் தின்று முடித்திருந்தாள். "நேத்து நாங்க ரெண்டு பேரும் எருமைக்குத் தாலாட்டுப் பாடிட்டு இருந்தமுங்க. இவன் ஓரமா நின்னு அழுவுறான்!"

"படிச்சது போதுமுங்க. நாளைக்கே ஆழ்குழாக் கெணறு போடற திருச்செங்கோட்டுப் போர்வண்டி வேலைக்கு ஏத்தி உட்டர்றேன்," என்றார் சென்னிமலை.

அவருக்கு இருப்பது ஒரே மகன். கலெக்டர் ஆவான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அழுதே விட்டிருப்பார், அதற்குள் மறுபடி அந்த மின்விசிறி நிழல். சிரித்துத் தொலைத்தார்.

"அப்பா, நான் பரீட்சை எழுதோணும்ப்பா," என்று கெஞ்சினான் மயில்சாமி.

டாக்டர் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு ஏனோ சென்னிமலையையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"பையனுக்கு ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா?"

"ஞாபக சக்திக்குன்னு சந்தையில ஒரு வைத்தியருகிட்ட லேகியம் வாங்கினமுங்க." பாவாயி மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். "கசக்குதுன்னு இவன் வாயிலயே வெக்கலீங்க."

"டப்பா காலியா இருக்குதே?"

"அதைப் போயி வீணாக்க முடியுங்களா? காத்தால ஒரு உருண்டை, பொழுது சாஞ்சா ஒரு உருண்டைன்னு நாங்களே தின்னுட்டமுங்க."

டாக்டர் டப்பாவை மோந்து பார்த்தார். மூடி வைத்துவிட்டு, மயில்சாமி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லு தம்பி, அப்பாவும் அம்மாவும் எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"