டைகருக்கும் தயிர்ச்சோறு

புரட்டாசி பிறந்ததிலிருந்து டைகருக்கும் தயிர்ச்சோறுதான். மகள் மானசாவுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று ராமாமணி இருக்கும் விரதத்தில் வீட்டு நாய்க்கும் விலக்கில்லை.

மூன்றாம் சனிக்கிழமை மதியம், டைகரின் தட்டருகே காய்ந்த கோழி எலும்பு கிடந்தது. ராமாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த மாதத்தில் கறி சமைக்கிற வீடு பக்கத்தில் ஒன்றுதானே? விறுவிறுவென்று அங்கே போனாள்.

"ஏனுங்க குல்சும், எங்க நாய்க்கு எலும்பு போட்டீங்களா? புள்ளைக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. விரதத்தையே கெடுத்துப்போட்டீங்களே!"

உம்மல் குல்சும் திகைத்துப்போனாள். "எங்க ஊட்டுல ஏதுங்கக்கா எலும்பு? மானசாவுக்காக நீங்க விரதம்னு சொன்னீங்க. வாசம் உங்க பூஜைக்கு வந்துடக் கூடாதுன்னு நாங்களும் இந்த மாசம் கறியே எடுக்கலைங்க."

ராமாமணி தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள்.

பெருமாள் கோயிலுக்குப் போயிருந்த கணவர் திருமலைசாமி, நெற்றி நிறைய நாமத்தோடு அப்போதுதான் வாசலில் நுழைந்தார்.

"எனக்குச் சோறு வேண்டாம் அம்மணி. பிரசாதத்துலயே வயிறு நெறஞ்சுபோச்சு."

டைகர் தயிர்ச்சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தது. அவர் கையிலிருந்த துளசிப் பைக்குள் பழகிய உரிமையோடு மூக்கை நுழைத்து, தன் பங்குக் கோழி எலும்பைக் கவ்விக்கொண்டது.