மிஞ்சினால்தான் விருந்து

"வடை ஆளுக்கு ஒண்ணு. சர்க்கரைப் பொங்கல் அரைக் கரண்டி. ரெண்டாவது தபா யாரும் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

கனகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு வேதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடிந்தால் பொங்கல். சாலவாக்கத்திலிருந்து அக்கா முனியம்மாள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டாள். இந்த நேரம் பார்த்தா இவளுக்கு இப்படி ஒரு வீம்பு வரவேண்டும்?

"இன்னாமே, வெளையாடுறியா? நல்ல நாளும் அதுவுமா நம்ம வூட்டுல ஆஸ்பத்திரி சாப்பாடா?"

"ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னுதான் இந்தச் சாப்பாடு."

எல்லாம் போன மாதம் வீடு வீடாக வந்த நர்ஸம்மா செய்த வேலை. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் விரலிலும் குத்தி ரத்தம் பார்த்தார். வேதாசலத்துக்குக் கழனியில் ஆள் காத்திருந்தது. குத்தின விரலைச் சூப்பிக்கொண்டே கிளம்பிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கனகா அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள். "சர்க்கரை ஏறிப்போய்க் கீதாம்யா. சோத்தைக் கொறைக்கலன்னா காலுக்கே ஆபத்தாம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து வேதாசலம் நோயாளி ஆகிவிட்டார். டீக்கடையில் "சர்க்கரை போடாம ஒண்ணு" என்று கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். ராத்திரி படுக்கும்போது கால் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொள்வார். ஊரில் பாதிப் பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் பொங்கல் விருந்தில் கை வைத்தால்? நோயாளிக்கும் ரோஷம் இருக்காதா?

"சர்க்கரைன்னா மாத்திரை குடுப்பாங்க. என் கண்ணுல ஒரு மாத்திரைகூட நீ காட்டல. சோத்துல மட்டும் கை வெக்கிறியே!"

"மாத்திரையெல்லாம் வேளாவேளைக்கு உள்ள போய்க்கினுதான் கீது. அதைப் பத்தி நீ கவலைப்படாத."

காபியில் கலந்துவிடுகிறாளோ? காலையில் குடித்த காபி லேசாகக் கசந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது.

முனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா கனகா, வருஷத்துல ஒரு நாளு. தம்பி வாய்க்கு ருசியா துன்னா இன்னா ஆயிடும்? அப்பிடியே அவனுக்குக் கொறைச்சாலும் நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

"யாரையும் பட்டினி போடல அண்ணி. மொச்சை, அவரை, பூசணி, கருணைக்கெழங்குன்னு எல்லாம் போட்டு கொழம்பு. கீரை, வாழைத்தண்டுப் பொரியல். வயிறு ரொம்பத் துன்னுங்க. வடையும் பொங்கலும் மூணு நாளைக்கு வர்ற மாதிரி ஆக்கி வெக்கிற வேலை மட்டும் இனிமே இந்த வூட்டுல கெடையாது."

"அளந்து ஆக்கினா கடைசில ஒண்ணுமே மிஞ்சாதே!" வேதாசலம் எகிறினார். "விருந்துன்னா மிஞ்சணும்மே! எங்கப்பா இருந்தப்போ பொங்கலுக்கு ஆக்கினது காணும் பொங்கல் வரைக்கும் அண்டாவுல கெடக்கும். அதான் வூட்டுக்கு கௌரவம்."

"மிஞ்சாது. மிஞ்சக் கூடாதுன்னுதான் அளக்கறேன்."

மறுநாள் காலையில் முனியம்மாள் சத்தம் போடாமல் அடுப்படிக்குள் நுழைந்து அரிசிப் படியைத் தூக்கினாள். கனகா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு பிடி அரிசி ஒலையில வுழுந்திச்சின்னா, நான் அடுப்பை அணைச்சிட்டு புள்ளலூருக்கு, எங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏறிடுவேன். அப்பறம் நீங்களே ஆக்கிக்கோங்க."

முனியம்மாள் விறுவிறுவென்று வாசலுக்கு வந்துவிட்டாள்.

வாசலில் பானை பொங்கி, படையல் முடிந்து, இலை போட்டார்கள். குழம்பு என்னவோ அமிர்தமாகத்தான் இருந்தது. வேதாசலம் அதை ஒத்துக்கொள்வாரா? ராத்திரியே முடிவு செய்து வைத்திருந்தார், பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டே தீருவது என்று.

"இன்னொரு வடை வெய்யி."

"இல்ல."

"வெய்யின்றேன்ல!"

"சட்டி காலி. எழுந்து வந்து பாரு."

வேதாசலம் மார்பில் ஓங்கித் தட்டிக்கொண்டார். "என் ஒடம்பு! என் சர்க்கரை! காலு போனா எனக்குத்தானே போவுது? உனக்கு இன்னாமே வந்திச்சு?"

கனகா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு இலையை எடுத்து அவருக்கு எதிரே விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த வீட்டில் பந்தியில் அவள் உட்கார்ந்து யாருமே பார்த்ததில்லை. முனியம்மாள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வெறித்துப் பார்த்தாள்.

கனகா தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு வடையையும் அரைக் கரண்டிப் பொங்கலையும் இலையில் வைத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வேதாசலம் பதறிப்போனார். "ஏமே! என் மாத்திரைய நீ ஏன்மே முழுங்கற?"

"உன் ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லய்யா, கல்லாட்டம் கீற. ஒவ்வொரு பண்டிகைக்கும் நீங்கள்லாம் துன்னுட்டு எழுந்தப்பறம், அண்டாவுல மிஞ்சினதைக் கொட்ட மனசு வராம மூணு நாளா உக்காந்து துன்னு தீர்த்தவ நான்தானே? நர்ஸம்மா சர்க்கரைன்னு சொன்னது எனக்குத்தான்யா. யாருக்குன்னு இந்த ஒரு மாசத்துல நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே!"