கைப்பட்டையில் எழுதியிருந்த பெயர்

தேர்வறைக்கு வெளியே பெஞ்சின் நுனியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள், இந்த நாட்டிலும் நர்ஸாக வேண்டுமென்றால் இன்றைய செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும். உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாசனை கசிகிறது. ஊரில் அவளிடம் வேலை பழகியவள், இன்று கூடவே தேர்வுக்கு வந்தவள், பக்கத்தில் பிஸ்கட்டைக் கடித்தபடி கேட்கிறாள். "என்னக்கா, ஊசி ஒழுங்காப் போட்டீங்களா?" "ஒரே குத்துடி. கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்." "உங்களுக்குச் சொல்லணுமா! பேர் கேட்டீங்கல்ல?" "யார் பேரை?" "கட்டில்ல நோயாளின்னு படுக்க வெச்சிருந்த பொம்மை பேரைத்தான். கேட்டு, அது கையில கட்டியிருக்கிற பட்டையில எழுதின பேரோட ஒத்துப் பார்த்துட்டுத்தானே தொடணும்? விட்டா பெயிலாம்."

"பொம்மைக்கு ஏதுடி பேரு?" என்று அவள் சிரிக்கிறாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகிறது. "அதானே, வார்டுல என்னைக்குக் கேட்டீங்க? 'ஏழாம் நம்பர், கையை நீட்டு'ன்னுதானே அதட்டுவீங்க!" கேலியாகத்தான் சொல்கிறாள் சின்னவள். இவளுக்குக் காதுமடல் சுடுகிறது. ஒரே ஒரு பெயரையாவது நினைவில் தேடுகிறாள். கைகள்தான் வருகின்றன. வீங்கிய கை, நரம்பு தேடித் தேடிக் கன்றிய கை, பயத்தில் இவள் விரலை விடாமல் பிடித்துக்கொண்ட கை. ஒன்றுக்கும் பெயரில்லை. கதவு திறக்கிறது. முடிவுத்தாளோடு நிற்கும் தேர்வாளர், பழகாத நாக்கு தடுக்கத் தடுக்க, இவளுடைய நீளமான பெயரை ஓர் எழுத்தும் விடாமல் சொல்லி, "சரியாகச் சொன்னேனா?" என்று அந்த நாட்டு மொழியில் கேட்கிறார். இவளால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.